ஆயிரத்தில் நிற்கும் முள்

முள் எழவில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிகிறது, எஞ்சின் அதிர்கிறது, காலடிப் பலகை அதிர்கிறது, என் மூக்கில் கண்ணாடி அதிர்கிறது, முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டு எனக்கென்ன என்கிறது. விளக்கு எரிவதால் கரண்டு வருகிறது என்று தெரிகிறது, எர்த்தும் சரி. வராதது செய்திதான். கீழே எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற செய்தி ஒரே ஒரு கம்பி வழியாக மேலே கேபினுக்கு வரவேண்டும், அது நடுவில் எங்கோ நின்றுவிட்டது. கீழே உழைப்பு நடக்கிறது, மேலே இருப்பவனுக்கு அது தெரியவில்லை. இதை வைத்தே ஒரு துண்டறிக்கை எழுதிவிடுவேன் நான், இருபது வருடம் முன்பாக இருந்தால். இப்போது எழுத மாட்டேன், எழுதினாலும் அச்சடிக்க யாரும் இல்லை. நாலு மணிக்குக் கூட்டம். அதற்குள் இந்த முள் எழுந்தாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கடல் தாரகை லாஞ்சு உரிமையாளர் சங்கத் தலைவர் இஞ்ஞாசியுடையது, மற்ற எல்லா லாஞ்சுகளையும் நான் பார்த்து முடித்துவிட்டேன், இது ஒன்றுதான் பாக்கி. பார்த்து முடித்தபின் நான் மீன் ஏலக்கூடத்தில் எழுந்து நின்று, நாட்டுப்படகில் போகும் வள்ளக்காரர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: இந்தத் துறையில் உள்ள எந்த லாஞ்சிலும் ஆயிரம் என்றால் ஆயிரம்தான். அதைச் சொன்னால் தடைக்காலம் முடிந்து கடல் திறக்கும். அதைச் சொல்லாமல் ஒரு வருடமும் திறந்ததில்லை. அரசாங்கம் ஒரு தேதி வைத்திருக்கிறது, அது வேறு. தருவைத்துறைக்குக் கடல் திறப்பது என் வாயில். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் என்ன, எனக்கு வேறு என்ன மிச்சம். லாஞ்சுத் தொழிலாளர் சங்கத்தை நான் கட்டினேன், அது இன்று லாஞ்சு உரிமையாளர் சங்கத்தோடு ஒரே கட்டடத்தில் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கிறது. என் பெயர் போட்ட பலகையைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் ஐஸ் விலை எழுதுகிறார்கள். வாக்கு மட்டும் இருக்கிறது. அதை யாரும் கழற்றவில்லை.

செய்தி நிற்கும் இடத்தைத் தேடிக் கீழே இறங்கினேன். எஞ்சின் அறையில் ஆள் குனிந்துதான் நிற்க முடியும், டீசலும் பழைய மீன் தண்ணீரும் கலந்த வாடை தொண்டைக்குள் ஒரு துணியைப் போல அடைத்துக்கொள்கிறது. லாரியிலிருந்து இறக்கிய பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின், லாரி செத்துப் பல காலம் ஆகிறது, எஞ்சின் கடலில் இரண்டாவது பிறவி எடுத்து ஓடுகிறது. அணைத்தபிறகும் சூடு முகத்தில் அறைந்தது. அறை என்றால் எனக்கு உடனே இடது காது ஞாபகம் வரும். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கை, அகலமான கை, மோதிரம் போட்டது, காதோடு சேர்த்து ஒரே அறை, அன்றிலிருந்து அந்தப் பக்கம் உலகம் இல்லை. அந்தப் பக்கம் அலை இல்லை, மணி இல்லை, என் வீட்டுக்காரி ரெஜினாள் கோபித்துக்கொள்வது இல்லை. இஞ்ஞாசி எப்போதும் என் வலது பக்கம்தான் நடப்பான், அவன் ஒருவன்தான் அதை மறக்காமல் செய்வான். அந்த அறை விழுந்த அன்று அவனும் ஸ்டேஷனில் இருந்தான், பசை வாளியோடு. நான் எழுதுவேன், அவன் ஒட்டுவான். மஞ்சள் காகிதத்தில் அச்சு, மை காய்வதற்குள் சுவரில் ஏறிவிடும். நான் படித்தது அதில்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்து வரவில்லை, யாரோ தெருவில் கொடுத்த துண்டறிக்கையை எழுத்துக்கூட்டி வாசித்தபோது வந்தது. சுரண்டல் என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதிய நாளில் எனக்குக் கட்டியவள் பெயரை எழுதத் தெரியாது. எதையும் கேள்வி கேள் என்று அதில் அச்சடித்திருந்தது. முதலாளியைக் கேள், மூட்டைக் கணக்கைக் கேள், பங்குக் கணக்கைக் கேள். கேட்டேன். கேட்டதற்குக் காது போனது. போகட்டும். டைனமோவின் பின்பக்கம், ஓரத்து முனையில், அந்தக் கம்பி. கை வைத்ததும் பச்சை பச்சையாகப் பொடி உதிர்ந்தது. களிம்பு. வெளியே பார்த்தால் கம்பியின் தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு தின்னப்பட்டு மாவாகக் கிடக்கிறது. வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு தெரியும் வரை தோலை உரித்து, புது முனை வைத்து அழுத்தி, கிரீஸ் தடவி முறுக்கினேன். வயரிங் வேலையும் நான் புத்தகம் பார்த்துப் படித்ததுதான், யாருடைய காலடியிலும் உட்கார்ந்து அல்ல.

மேலே வந்து சாவியைத் திருப்பினேன், முள் எழுந்தது. எழுந்தது, நடுங்கியது, அறுநூறுக்குப் போனது, திடீரென்று மயங்கி விழுந்தது, மறுபடி எழுந்தது. கம்பி சரி, மீட்டருக்கும் வயதாகிவிட்டது. உள்ளே இருக்கும் சின்னச் சுருள்வில் தளர்ந்திருக்கும். இஞ்ஞாசி இதை எதிர்பார்த்துப் புது மீட்டர் ஒன்றைப் பெட்டியோடு வாங்கி வைத்திருந்தான். பழையதைப் பலகையிலிருந்து கழற்றினேன். கண்ணாடியின் மேல் என் கோடு இருந்தது, ஆயிரத்துக்கு நேராக, சிவப்பாக, போன வருடம் போட்டது. நகப் பூச்சுதான். ரெஜினாளின் பெட்டியிலிருந்து முதல் முறை எடுத்தபோது, எந்தப் பெண்ணுக்கு என்று கேட்டாள், கடல் மாதாவுக்கு என்றேன். கோட்டுக்குப் பின்னால் ஒரு கலவரம் இருக்கிறது. பாரின் ஓரமாகத்தான் வள்ளக்காரர்கள் வலை விடுவார்கள், கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் அந்தப் பாறையில்தான் மீன் ஒதுங்கும். விடியற்காலை இருட்டில் லாஞ்சுகள் அதைத் தாண்டித்தான் ஆழத்துக்குப் போகவேண்டும். மெதுவாகப் போனால் மிதவை கண்ணில் படும், ஒதுங்கிக்கொள்ளலாம். முடுக்கினால் மிதவை தெரியுமுன் வலை லாஞ்சின் அடி விசிறியில் சுற்றிவிடும். அப்படித்தான் சுற்றியது, சண்டை வந்தது, இரண்டு வள்ளம் கரையிலேயே எரிந்தது, லாஞ்சுகளின் கண்ணாடி எல்லாம் கல்லுக்குப் போனது. தாசில்தார் வந்தார், பங்குச் சாமி வந்தார், வேகத்தைக் குறையுங்கள் என்றார்கள். யார் அளப்பது, கடலில் போலீஸ் நிற்குமா என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். முள் அளக்கும் என்றேன் நான். பார் தாண்டும் வரை ஆயிரத்துக்கு மேல் முள் போகக்கூடாது. எந்த வள்ளக்காரனும் எந்த லாஞ்சிலும் ஏறி முள்ளைப் பார்க்கலாம். அன்று ராத்திரியே துண்டறிக்கை எழுதினேன், இன்றும் மனப்பாடம்: முள் யாருக்கும் சொந்தக்காரன் அல்ல, முள்ளுக்கு முதலாளி இல்லை, முள் கூலி வாங்குவதில்லை, முள் பொய் சொல்லாது. இஞ்ஞாசி அதை ஒட்டினான்.

புது மீட்டரோடு ஒரு மடித்த காகிதம் இருந்தது. மற்ற ஆட்கள் அதைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள், நான் முதலில் அதைத்தான் விரிப்பேன். படம் போட்டிருந்தது. ஒவ்வொரு எஞ்சினிலும் டைனமோவின் புல்லி ஒவ்வொரு அளவு, ஆகவே மீட்டரின் முதுகில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி அந்த எஞ்சினுக்குப் பொருத்த வேண்டும். பழைய மீட்டரையும் புது மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கம்பியை இரண்டுக்கும் கொடுத்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டேன். பழையது மயங்காமல் நின்ற நேரத்தில் அறுநூறு என்றது. புதியது எண்ணூறு என்றது. புதியதற்கு இன்னும் இந்த வீட்டுப் பழக்கம் தெரியவில்லை என்று நினைத்தேன். மருமகள் வந்த புதிதில் உப்பு அதிகம் போடுவதைப் போல. திருகைத் திருப்பினேன், மெதுவாக, மெதுவாக, அதுவும் அறுநூறு என்றது. இரண்டு முள்ளும் ஒரே சாய்வில் நின்றன. எனக்கு ஒரு நிறைவு வந்தது, அதை ஒளிக்கவில்லை, ஒரு வேலை ஒழுங்காக முடியும்போது வரும் நிறைவு. நகப் பூச்சுக் குப்பியைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த வாடை எழுந்ததும் கித்தேரியம்மாள் ஞாபகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை, அவள் நகத்துக்கு எதுவும் பூசுகிறவள் இல்லை. மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரி, மகன்கள் ஓட்டுகிறார்கள், பேசுவது அவள். நாலு வருடம் முன்பு அறுந்த வலையை ஏலக்கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டு, கோடு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி, லாஞ்சுதான் சரியில்ல என்றாள். நான் எழுந்து பேசினேன், நன்றாகப் பேசினேன், இரவில் நீரோட்டம் வலையைத் தள்ளியிருக்கும், முள்ளைச் சந்தேகிப்பது நம் ஒற்றுமையைச் சந்தேகிப்பது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். என்ன இருந்தது? அன்று அது எனக்கு ஒப்புதலாகத் தெரிந்தது. குப்பியை மூடினேன். காகிதத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது, திருகைப் பொருத்தியபின் எஞ்சினின் முகப்புப் புல்லியில் நேரடியாக அளந்து உறுதி செய்யவும். எழுதியிருப்பதைச் செய்யாமல் விடுகிறவன் நான் அல்ல. கைமீட்டர் ஒன்று சங்க அலுவலக அலமாரியில் கிடந்தது, யாரும் தொடாதது, அதை நான் காலையிலேயே பையில் போட்டு வந்திருந்தேன்.

மறுபடி கீழே. கைமீட்டரின் ரப்பர் முனையைச் சுற்றுகிற புல்லியின் நடுப் போல்ட்டில் அழுத்தினேன். எண்ணூற்றுச் சொச்சம். வியர்வையில் கை வழுக்கியிருக்கும் என்று துடைத்துவிட்டு அழுத்தினேன். எண்ணூற்றுச் சொச்சம். கைமீட்டர் கெட்டுவிட்டது, அலமாரியில் கிடந்து கெட்டுவிட்டது, எதையும் உபயோகிக்காமல் வைத்தால் கெட்டுவிடும். கெட்ட மீட்டர் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லுமா? சொல்லலாம், பிடிவாதமாகக் கெட்டிருக்கலாம், மனிதர்கள் அப்படிக் கெடுகிறார்கள். ஆனால் பெட்டியிலிருந்து வந்த புது மீட்டரும் எண்ணூறுதானே சொன்னது, நான் கழுத்தைத் திருகுவதற்கு முன்னால். ஒன்றை ஒன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தருகின்றன. கோர்ட்டில் என்றால் முடிந்தது. அப்படியானால் பழையதுதான். பழையதற்கு வயதாகிவிட்டது, நடுங்குகிறது, மயங்குகிறது, ஆகவே குறைத்துச் சொல்கிறது. இப்படி ஒரு சமாதானம் வந்தது, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், சூடான எஞ்சின் பக்கத்தில், முதுகு வலிக்க. சரிதான், வயது. ஆனால் வயதானது ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் அல்லவா சொல்லும்? இது மயங்கி எழுந்த ஒவ்வொரு முறையும் அதே அறுநூறுக்கு வந்து நிற்கிறது, பாடம் சொல்லிக்கொடுத்த மாதிரி. மேலே ஏறிப் பழைய மீட்டரைக் கவிழ்த்தேன். முதுகில், திருகு இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டை அடைக்கிற எம்சீல் பசை அப்பியிருந்தது, சாம்பல் நிறத்தில், கட்டைவிரலால் தேய்த்து வழவழப்பாக. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இதில் மட்டுமல்ல. எல்லா லாஞ்சிலும். பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு மீட்டரின் முதுகிலும் அதே சாம்பல் கட்டி. உப்புக்காற்று உள்ளே போகாமல் இருக்க என்றார்கள். நல்ல யோசனை என்று நானே மெச்சினேன். கூட்டத்தில் சொல்லியே மெச்சினேன், எல்லாரும் இதைப் போலச் செய்யுங்கள் என்று. செய்தார்கள். அடுத்த வருடம் செய்யாத லாஞ்சு ஒன்றுகூட இல்லை. எதையும் கேள்வி கேள் என்று படித்தவன், முதுகுக்குப் பின்னால் அப்பிய பசையைக் கேட்கவில்லை. திருப்புளியின் நுனியால் நெம்பினேன், கட்டி தெறித்து விழுந்தது, அடியில் பித்தளைத் திருகு புதுசு போல மின்னியது. கோடியில் முட்டி நின்றது. இதற்குமேல் குறைக்க முடியாது என்ற இடம் வரை யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் கோட்டில் முள் நிற்கும்போது எஞ்சின் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஓடுகிறது. கணக்கு எளிது, எளிதாக இருப்பதுதான் வலிக்கிறது. லாஞ்சு சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் கொஞ்சம் கூடுதலாகப்படுவதை நான் கால்வழியாக உணர்ந்திருக்கிறேன், பாதத்தில் ஒரு பரபரப்பு. காது இருந்திருந்தால் பிடித்திருப்பேன். நான் டிரைவராக இருந்த காலத்தில் மீட்டரே பார்க்க மாட்டேன், சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஒரு காதில் சத்தம் பாதி வருகிறது, திசை தெரியாமல், போர்வைக்குள்ளிருந்து. அது அவர்களுக்குத் தெரியும். யாருக்கு? எலெக்ட்ரீஷியன் ஒருவன் செய்திருப்பான், டிரைவர்கள் சொல்லிச் செய்திருப்பான், இஞ்ஞாசிக்குத் தெரியாமல் இருக்கும், அவன் வீல் பிடித்தே எத்தனையோ வருடம் ஆகிறது, வெள்ளை வேட்டியில் எண்ணெய் படாமல் நடக்கிறவன். தெரியாமல் இருக்கும். என் வலது பக்கமாக நடக்கிறவன். பசை வாளி தூக்கியவன். பசை. கட்டைவிரலால் வழவழப்பாகத் தேய்ப்பது. வேண்டாம், அங்கே போகாதே. பசை எல்லாருடைய விரலும் தேய்க்கும். வேறொன்று வந்து நெஞ்சில் மோதியது: முள் பார்க்கிற ஆள். ஒப்பந்தம் போட்ட புதிதில் தினமும் ஒரு வள்ளக்காரர் முதல் லாஞ்சில் ஏறி, முள்ளின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு பார் வரை வருவார், அங்கே தன் வள்ளத்துக்கு மாறிக்கொள்வார். பிறகு ஒரு வருடத்திலிருந்து யாரும் ஏறவில்லை. ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டேன். நம்பிக்கை வந்துட்டு அண்ணாச்சி என்றார்கள் இரண்டு பக்கமும். அன்று வீட்டுக்குப் போய் ரெஜினாளிடம் சொன்னேன், நான் செத்தால் கல்லறையில் இதை எழுது, இவன் சாட்சி தேவைப்படாத ஒப்பந்தம் ஒன்று செய்தான் என்று. அவள் சாப்பிட வாருங்கள் என்றாள். அது என் வாழ்க்கையின் வெற்றி என்று நினைத்தேன். சிறைக்குப் போனது அல்ல, வேலைநிறுத்தம் அல்ல, யாரும் வந்து பார்க்கத் தேவையில்லாத முள். இப்போது அந்த ஆள் ஏறாததற்கு இன்னொரு காரணம் இருக்க முடியும் என்று தோன்றுகிறது. அதை நினைக்க மறுத்தேன். நினைப்பு மீட்டர் முள் போலத்தான், விழுகிறது, எழுகிறது, அதே இடத்துக்கு வந்து நிற்கிறது.

வலது பக்கத்திலிருந்து குரல் வந்தது. கேபின் வாசலில் இஞ்ஞாசி, கையில் டீ வாளி.

“என்ன வே, முள்ளு எந்திரிச்சிட்டா?”

எழுந்துவிட்டது என்று சொல்லி, பழைய மீட்டரைக் கவிழ்த்த மாதிரியே அவன் முன்னால் நீட்டினேன். அவன் திருகைப் பார்த்தான், தரையில் கிடந்த சாம்பல் கட்டியைப் பார்த்தான், என் மடியில் இருந்த கைமீட்டரைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை. பல நாள் தள்ளிப்போட்ட ஒரு வேலைக்கு நாள் வந்துவிட்ட மாதிரி பெருமூச்சு விட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். யார் முதலில் செய்தது என்று தெரியாது என்றான். ஒரு லாஞ்சு முந்திப் போய் நல்ல இடத்தில் மடிவலை போட்டதாம், அடுத்தவன் எப்படி என்று தேடிக் கண்டுபிடித்தானாம், மூன்றாவது ஆள் அவனைக் கேட்டுச் செய்தானாம், பிறகு மெதுவாகப் போகிறவனுக்குக் கலங்கல் தண்ணீர்தான் மிச்சம் என்று ஆனதாம், என்னுடையதை நானே திருகினேன் என்றான். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. ஐஸ் விலை ஏறியதைச் சொல்வது போலச் சொன்னான்.

“எல்லா லாஞ்சும்?”

“எல்லாம்தான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நாலு மணிக்கு அங்க நின்னு பேசுவியா நீ? ஒனக்குப் பொய் சொல்ல வராது தொம்ம. அது ஊருக்கே தெரியும். அதுக்காகத்தான ஒன்ன வச்சிருக்கோம்.”

வச்சிருக்கோம். ஐஸ் பெட்டியை வைத்திருப்பது போல, கோயிலில் மணி வைத்திருப்பது போல. என் நேர்மையை ஒரு உதிரிபாகமாகக் கழற்றி எடுத்து, அவர்களுடைய எஞ்சினில் பொருத்தி, முதுகில் பசை அப்பிவிட்டார்கள். ஸ்டேஷனில் அறைந்தவனை என்னால் வெறுக்க முடிந்தது, அது சுகமாக இருந்தது, அவன் எதிரி. இவன் இன்றைக்கும் என் வலது பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறான், நான் கேட்கவேண்டும் என்று. இரக்கமும் துரோகமும் ஒரே ஆளுக்குள் இப்படி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் என்று எந்தத் துண்டறிக்கையிலும் அச்சடித்திருக்கவில்லை. வள்ளக்காரர்களிடம் சொல்கிறேன் என்றேன், கித்தேரியம்மாளிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன், அவள் வலை எப்படி அறுந்தது என்று சொல்கிறேன்.

“போய்ச் சொல்லு. அவளுக்குத் தெரியாதுன்னா நெனைக்க? முள்ளு பாக்க ஆள் ஏறாம நின்னுச்சே, ஏன்னு நெனச்ச நீ?”

அவன் எனக்கு டீ ஊற்றி நீட்டினான், நான் வாங்கவில்லை, அவன் அதைப் பலகையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். வள்ளக்காரர்கள் நாலு வருடமாகப் பாருக்கு உள்பக்கம், கரை ஓரமாகத்தான் வலை விடுகிறார்களாம். மீன் குறைவு, ஆனால் வலை தங்குகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே மைதானத்தில் பந்து விளையாடுகிறார்கள். ஒரு கல்யாணம்கூட நடந்துவிட்டது. இதையெல்லாம் நீதான் செய்தாய் என்றான், உண்மையாகவே நம்பிச் சொன்னான், கண்ணில் ஈரம்கூட இருந்த மாதிரி தெரிந்தது. கூட்டத்துக்கு நேரமாகிறது, முள்ளை மற்ற லாஞ்சு மாதிரியே வைத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனான். மற்ற லாஞ்சு மாதிரியே. நான் புது மீட்டரின் திருகைத் திருப்பி, மறுபடி அந்த நிஜ எண்ணூறு வரும் வரை வைத்து, பலகையில் பூட்டினேன். கோடு போடவில்லை. மனதுக்குள் வாக்கியம் ஓட ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்குள் ஓடுவதை உணர்ந்தபோது ஒரு கொடூரமான சந்தோஷம் வந்தது, கிழவனே நீ இன்னும் இருக்கிறாய் என்று. படகுத்துறையில் நடந்துகொண்டே அடுக்கினேன். முதலில் திருகு, பிறகு பசை, பிறகு வாக்கு. இதைக் கேட்டதும் என்ன நடக்கும்? கல் பறக்கும். பறக்கட்டும். கித்தேரியின் மகன்கள் எழுந்து வருவார்கள். இஞ்ஞாசியின் வெள்ளை வேட்டி. அந்தக் கல்யாணம் நடந்த பெண் யார் பக்கம் நிற்பாள்? அந்த யோசனையில் கால் ஒரு நொடி நின்றது. நின்று, மறுபடி நடந்தது. பொய்யின்மேல் வைத்த சமாதானம் சமாதானம் அல்ல என்று எனக்கு நானே சொன்னேன், நல்ல வரி, அச்சில் அழகாக இருக்கும்.

ஏலக்கூடத்தில் லாஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், வள்ளக்காரர்கள் ஒரு பக்கம், மீன் கழுவிய சிமெண்டுத் தரை இன்னும் காயாமல் இருந்தது. சாமி ஜெபம் சொல்லிவிட்டு அமர்ந்தார். இஞ்ஞாசி என் பெயரைச் சொன்னான். எழுந்தேன். கூட்டம் அமைதியானது, அந்த அமைதியை நான் எங்கிருந்தாலும் அறிவேன், பேச்சாளனுக்காக விலகிக் கொடுக்கிற அமைதி. பேசினேன். இந்தத் துறையில் எந்த லாஞ்சிலும் ஆயிரம் என்றால் ஆயிரம் இல்லை, எல்லா மீட்டரின் முதுகையும் திருகிப் பசை அப்பி வைத்திருக்கிறார்கள், நான் இத்தனை வருடம் உங்கள் முன்னால் சொன்னது பொய், எனக்குத் தெரியாமல் என் வாயால் சொல்லவைத்த பொய், என் வாக்கை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தெளிவாகச் சொன்னேன். குரல் உடையவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கல்லுக்காகக் காத்து நின்றேன். மின்விசிறி சுற்றியது. ஒரு பெண் தோளில் தூங்கிய பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். சாமி தரையைப் பார்த்தார். லாஞ்சுப் பக்கம் ஒருவன் கொட்டாவியை அடக்கினான், அவன் நடிக்கவில்லை. கித்தேரியம்மாள் முன்வரிசையில் இருந்தாள், நாலு வருடம் முன்பு பார்த்த அதே பார்வை, இப்போதுதான் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது, பிடிவாதம் பிடிக்கிற நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவளின் பார்வை.

“சொல்லியாச்சுல்லா அண்ணாச்சி, உக்காருங்க” என்றாள்.

“நான் சொன்னது கேட்டுச்சா ஒனக்கு?”

“கேட்டுச்சு. போன வருசம் சொன்னதும் கேட்டுச்சு. நாளைக்கு விடியமுன்ன வலை ஏத்தணும், நேரம் ஆவுது.”

யாரோ மெல்லச் சிரித்தார்கள், கேலி இல்லை, வீட்டுக்குள் சிரிக்கிற சிரிப்பு. இஞ்ஞாசி எழுந்து, அண்ணாச்சி நம்ம ரெண்டு பக்கத்துக்கும் முன்னால பேசிட்டாவ, கடல் திறந்தாச்சு என்றான். பெஞ்சுகள் நகர்ந்தன, ஆட்கள் வேட்டியின் ஈரத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், லாஞ்சுக்காரனும் வள்ளக்காரனும் தோளோடு தோள் உரச வாசலுக்கு நகர்ந்தார்கள், ஒருவர் ஐஸ் பற்றிக் கேட்டார், இன்னொருவர் டீசல் பற்றிச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன், அடுத்த வரியைத் தேடி. இன்னும் ஒரு வரி இருக்க வேண்டும், அதைச் சொல்லிவிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு வரி எப்போதும் இருந்திருக்கிறது. இஞ்ஞாசி என் வலது பக்கமாக வந்தான், ஒவ்வொரு வருடமும் போல ஒரு சரிகைச் சால்வையைப் பிரித்து என் தோளில் போர்த்தினான். மிச்சம் இருந்த கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். தோளைக் குலுக்கி அதை அந்த ஈரத் தரையில் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன். வியர்த்த சட்டைமேல் நிற்காமல் சால்வை தானாகவே ஒரு பக்கம் நழுவியது. அது கீழே விழுவதற்குள் என் கை அதைப் பிடித்து மேலே இழுத்துவிட்டது.